அப்பமாய்ப் போன இசைத்தட்டு

ஜன்னலடியில் கிடந்த இசைத்தட்டு, விளிம்பெல்லாம் எழும்பி, அப்பம் மாதிரி ஆகியிருந்தது. சிறி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

2013 ஜனவரி. சிட்னி கொதித்துக்கொண்டிருந்தது. வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த சிறிக்கு, மெரிலேண்ட்ஸில் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தவர் கதிர்காமநாதன் அங்கிள். "விசாதான் தற்காலிகம். நீர் ஆறுதலா இரும்" என்றவர். இப்போது அவரும் மனைவி நாகபூசணி அன்ரியும் மெல்போர்னில், மகள் வீட்டில்.

பூக்கன்றுகளுக்கு வெளிச்சம் வரட்டும் என்று அன்ரி சொல்லிவிட்டுப் போனபடி ஜன்னல் திரையை விலக்கியவன் சிறிதான். ரெக்கோட் அங்கே இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அதுவும் எந்த ரெக்கோட்! அமெரிக்கப் பாட்டுக்காரி ஒருத்தி கிதாரோடு வேலியில் சாய்ந்து நிற்கும் பழைய கன்ட்ரி இசைத்தட்டு. தினமும் காலையில் அங்கிள் அதைப் போட்டு, கூடவே தானும் பாடுவார்; அன்ரி அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்.

சிறி போன் பண்ணியதும் நண்பன் உமாசுதன் ஓடி வந்தான்.

"பயப்படாத மச்சான். அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பம்."

வைத்தார்கள். தட்டு மற்றப் பக்கமாக வளைந்தது.

"அப்ப அயன் பண்ணுவம்."

பண்ணினார்கள். தட்டு தோசைக்கல் போல வழுவழுவென்று வந்தது. போட்டுப் பார்த்தால் பாட்டுக்காரி தவளை போல இரண்டு தரம் கத்திவிட்டு அடங்கிப்போனாள்.

"அங்கிள் என்னை வீட்டை விட்டு அனுப்பப்போறார்" என்றான் சிறி.

அடுத்த நாள் பரமட்டாக் கடைத்தெரு முழுக்க அலைந்து, ஒரு பழைய சாமான் கடையில் அதே தட்டைக் கண்டுபிடித்தான். கடைக்காரி போட்டுக் காட்டினாள். வாசலைப் பார்த்துக்கொண்டு யாருக்கோ காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஆனாலும் சிறி பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றான்.

புதுத் தட்டை அங்கிளின் பழைய உறைக்குள் வைத்த பிறகுதான் உமாசுதன் கேட்டான்.

"அங்கிளின்ர தட்டு ரெண்டாம் பாட்டில சிக்குமெல்லோ? இது சிக்காதே?"

ஊசியால் ஒரு கீறல் போட்டார்கள். இப்போது மூன்று இடத்தில் சிக்கியது.

அங்கிள் வந்து இறங்கியதும் பயணப்பையைக்கூடத் திறக்கவில்லை, தட்டைப் போட்டார். ஒரு இடத்தில் சிக்கியது. தட்டிவிட்டார். இரண்டாவது இடத்தில் சிக்கியது. புருவத்தைச் சுருக்கினார். மூன்றாவது இடத்தில் சிக்கியபோது சிறி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தே விட்டான்.

அங்கிள் சிரித்தார்.

"பாவம், இவளுக்கும் என்னைப் போல வயசு போயிட்டுது!"

கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். சிறிக்கு உயிர் வந்தது. தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனான். பாட்டு அங்கேயும் வந்தது. அவனுடைய கால் தாளம் போட்டது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்ரி கத்தியைக் கீழே வைத்தார். அவனை அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, இன்னொண்டை எங்க போய்ப் பிடிச்சனீர்? வெயில் நல்லா விழுற இடமாப் பாத்தெல்லோ நான் அதை வச்சிட்டுப் போனனான்!"