ரோசமும் நாலு சில்லும்

காரின் கதவு திறக்கவில்லை.

பளீல் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். கதவு விரல் அகலத்துக்கு விலகி, வீட்டுச் சுவரில் 'டக்'கென்று இடித்து நின்றது. மற்றப் பக்கமும் அதே கதைதான். அங்கே மதில். கல்யாண வீடென்று மதில் நெடுக வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். கதவு அந்தச் சீலையில் போய் முட்டியது.

வீட்டுச் சுவரிலிருந்த யன்னல் கம்பிகளுக்குள் உம்மாவின் முகம் தெரிந்தது.

"என்ன மனே, இறங்காம இரிக்காய்?" என்று கேட்டாள் சல்மா உம்மா.

"இறங்க ஏலாம இரிக்கன் உம்மா!"

"வழமையா விடுற இடம்தானே?"

வழமையாக விடுகிற இடம்தான். கல்முனைக்குடியில் உம்மா வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த இடுக்கில் நுழையக்கூடிய கார் ஊரிலேயே ஒன்றுதான். பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் பளீல், கண்டிவரை போய்ப் பழையதாக வாங்கி வந்த குட்டிக் கார். ரெண்டே கதவு. பின்னால் ஒரு கைப்பெட்டி கொள்ளும் டிக்கி. "சுண்டுவிரலால திருப்பலாம், பெற்றோல் மணத்துக்கே ஓடும்" என்று, சாரம் வாங்க வந்தவர்களையும் பிடித்து வைத்துச் சொல்லுவார்.

குறையென்று பார்த்தால் காரில் இல்லை, ஓட்டுகிறவரில்தான். பளீல் பெரிய ரோசக்காரர். கார் இல்லாத காலத்தில் ரோசப்பட்டு எழும்பினாலும் சந்திக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். பஸ் வருவதற்குள் கோபம் ஆறிவிடும். மனுசன் திரும்பி வந்து சோத்துக்கு உட்கார்ந்துவிடுவார். கார் வந்தபிறகு அந்த ரோசத்துக்குச் சில்லு முளைத்துவிட்டது.

தங்கை றஹீமாவின் நிக்காஹ் ரெண்டு தடவை இப்படித்தான் குழம்பியது. ஒரு தடவை தனக்குப் பிளாஸ்டிக் கதிரை போட்டார்களென்று, மறு தடவை தன் சலாமுக்குப் பதில் மெதுவாக வந்ததென்று, காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போயே போய்விட்டார். வாப்பா மௌத்தாகிவிட்டதால் அண்ணனான காக்காதான் பெண்ணைக் கொடுக்கிற வலிகாரர். அவர் வாய் திறக்காமல் நிக்காஹ் இல்லை. மாப்பிள்ளை ஜௌபருக்கு லீவு முடிகிறது, ஒரு கிழமைக்குள் கத்தார் பயணம். இன்றைக்கும் குழம்பினால் வேறு பெண் பார்ப்போமென்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியும் விட்டார்கள்.

பளீல் றிவர்ஸ் போட்டார். பின்சில்லு மணலுக்குள் சுற்றிச் சுற்றி அச்சுவரைக்கும் இறங்கியது.

"இஞ்சாருங்க, ஆட்களக் கூப்பிடட்டா?" பின்சீற்றிலிருந்து மனைவி சுபைறா கேட்டாள்.

"ஒருத்தரையும் கூப்பிடாத! மானம் போகும்!"

கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. அதற்குள் பாதி ஊர் புதினம் பார்க்க வந்துவிட்டது. மதிலுக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கார் எப்படி உள்ளே போனது, ஆள் எப்படி வெளியே வருவார் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். மாப்பிள்ளைக் கூட்டமும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா உதுமாலெவ்வை ஹாஜியார் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"கயிறு கொண்டு வாங்கடா! கட்டி இழுப்பம்."

கட்டினார்கள். இழுத்தார்கள். கார் அப்படியே நின்றது, பின்பம்பர் மட்டும் அவர்களோடு வந்துவிட்டது.

"யா அல்லாஹ்! எண்ட பம்பர்!" பளீல் உள்ளேயிருந்து அலறினார்.

"பயப்படாத, தூக்குவம்" என்றார் ஹாஜியார். சின்னக் கார்தானே, நாலு பேர் பின்பக்கத்தைப் பிடித்து 'பிஸ்மில்லாஹ்' என்று தூக்கினார்கள். தூக்கியது நன்றாகத்தான் இருந்தது. வைக்கும்போது கோணலாக வைத்துவிட்டார்கள். முன்மூலை சுவரிலும் பின்மூலை மதிலிலுமாகக் கார் குறுக்கே இறுகிப்போயிற்று.

"பின்கண்ணாடிய உடைச்சு ஆள எடுங்க" என்றது ஒரு குரல்.

"ஆர்ரா அது? கண்ணாடியில கை வெச்சா வெட்டுவன்! கொழும்புக்குப் போனாலும் இதுக்குக் கண்ணாடி இல்ல!"

ஹாஜியார் கையிலிருந்த பம்பரைத் தட்டிப் பார்த்தார். "இது என்ன மருமகன், பிஸ்கட் பெட்டியில செஞ்சதா?"

அவ்வளவுதான். பளீலின் முகம் கறுத்தது.

"பிஸ்கட் பெட்டியா? நான் போறன்! நிக்காஹும் வேணா, ஒண்டும் வேணா!"

சாவியைத் திருப்பினார். கார் உறுமியது, குலுங்கியது, புகை விட்டது. அங்குலம் நகரவில்லை. ரோசப்பட்டுப் போகிற மனுசன் போகாமலே இருந்தால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பளீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வெயில் வேக வைத்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே இறக்கினார்.

யன்னலுக்குள் மௌலவி வந்து நின்றார். "பளீல் காக்கா, வலிகாரர் கதிரையிலதான் இரிக்கணும் எண்டில்ல. மாப்பிள்ளைட கையப் பிடிக்கக் கை எட்டினாச் சரி."

"ஏலா மௌலவி. என்ன ஒருத்தரும் மதிக்கல்ல."

மௌலவிக்குப் பக்கத்தில் ஜௌபர் வந்து குந்தினான். தலையில் தொப்பி, கழுத்தில் மாலை. அவன் மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இதுக்கு ஏசி இரிக்கா?"

"ஏசி என்னத்துக்கு? கண்ணாடிய இறக்கினாக் கடக்காத்து!"

"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

"அத ஏன் கேக்காய்! பொத்துவிலுக்குப் போய் வந்தாலும் பெற்றோல் முள்ளு அசையாது."

"சுண்டுவிரலால திருப்பலாமெண்டு சொன்னாங்க. மெய்தானா?"

பளீல் யாரோடு கோபம் என்பதையே மறந்துவிட்டார். "கைய இஞ்ச தா! தொட்டுப் பாரு!"

ஜௌபர் கம்பிக்குள்ளால் கையை நீட்டினான். பளீல் அந்தக் கையைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைக்கப் போனார்.

"கை சேந்துட்டு! விடாதீங்க!" என்று கத்தினார் மௌலவி. மறு மூச்சில் நிக்காஹ் குத்பா ஓதத் தொடங்கிவிட்டார்.

பளீல் விடவில்லை. "என் தங்கை றஹீமாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று சொல்லி மாப்பிள்ளையின் கையை இன்னும் இறுக்கினார். வாப்பா போனபிறகு தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. ஜௌபர் "ஒப்புக்கொண்டேன்" என்றபோது பளீல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். ஹாஜியாருக்கும் கண் கலங்கிவிட்டது. பம்பரைக் காருக்குப் பக்கத்தில் பதனமாகச் சாய்த்து வைத்தார்.

கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பாண்டிருப்பு மேசன் செல்லத்தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலோரம் வந்தார்.

"செல்லத்தம்பி, மதில உடைச்சுப்போடாத!" என்றார் பளீல்.

"மதிலுக்கு ஒண்டும் ஆகா முதலாளி."

செல்லத்தம்பி வெள்ளைச் சீலையை விலக்கினார். மதிலை ஒட்டி ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்தது. வெறும் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கார்க்கதவு மெல்ல மெல்லத் திறந்தது.

பளீலுக்கு வாய் மூடவில்லை. "சாந்து பூசாம ஆர் இத அடுக்கின? எப்ப அடுக்கின?"

"நேத்து நான்தான் முதலாளி" என்றார் செல்லத்தம்பி. "காருட அகலத்துக்கு நூல் பிடிச்சுத் தந்து, பின்சில்லு நிக்கிற இடத்தில கிடங்கும் வெட்டி மணலால மூடச் சொல்லி, 'நிக்காஹ் முடியுமட்டும் நிண்டாப் போதும், சாந்து தேவல்ல' எண்டு சொன்னது ஒங்கட தங்கச்சிதான்."