தானாகப் படிக்கும் பெட்டியும் அக்காவின் கல்யாணப் பேச்சும்

பொருளுக்குப் புத்தி கூடக் கூட, அதை வாங்குகிறவனுக்குக் குறையும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தையே காலி பண்ணித்தான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இருநூற்றைம்பது சிசி பைக் ஒன்று வைத்திருந்தேன். (இப்போதும் வைத்திருக்கிறேன். விற்க மனம் வருமா?) புது சைலன்சர் பூட்டியிருந்தேன். சைலன்சர் மாறினால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவையும் மாற்ற வேண்டுமாம். அதற்கென்றே சீட்டுக்கு அடியில் பூட்டுகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. எதை வாங்குவது? ஒரு மாதம் சோறு தண்ணி மறந்து வீடியோ பார்த்தேன். குறிப்பெழுதியே ஒரு கொப்பி முடிந்தது. சோதனைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவதில் மூன்று பட்டன், அவ்வளவுதான். இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் இணைத்து மெக்கானிக் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது தானாகவே படிக்கும்! சைலன்சரில் ஒரு சென்சர், போனில் ஒரு ஆப். நாம் ஓட ஓட, அது புகையை மோந்து பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளும்.

"தம்பி, ஒங்கட ரோட்டுக்கு இந்த மூணு பட்டன் போதும்," என்றார் நானா.

"இல்லை நானா, எனக்குப் படிக்கிறதுதான் வேணும்."

"அது படிக்க ஆளில்லாத ரோட்டு வேணுமே. எங்க போவீங்க?"

நியாயமான கேள்வி. காலி வீதி பேருக்குத்தான் காலி, அந்த நெரிசலில் மூன்றாம் கியரே போட முடியாது. ஹைவேயில் பைக்கை விடமாட்டார்கள். ஆனால் பெட்டியில் நீல வெளிச்சம் ஒன்று மின்னியது. அதோடு நான் விழுந்தேன், வாங்கியும்விட்டேன்.

இரண்டே நாளில் வழி கண்டுபிடித்தேன். பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லு அந்தரத்தில் சுற்ற, கார் பார்க்கிலேயே பெட்டியைப் படிக்க வைப்பது! அங்கே எஞ்சினை ஓடவிடக் கூடாதென்று சட்டம் போட்ட கட்டடத் தலைவர் அந்தச் சனிக்கிழமை கண்டிக்குப் போயிருந்தார். என் அதிர்ஷ்டம், அதே சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் அக்காவைப் பொம்பிளை பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறார்கள்.

நாலு வருடமாக ஜாதகக் குறிப்புப் பார்த்து அலுத்துப்போய், முதல் தடவையாக எல்லாம் பொருந்தி வந்த இடம். மாப்பிள்ளை துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் திருத்துகிற எஞ்சினியர். "இண்டைக்கு மட்டும் அந்தச் சனியனைத் தொடாத," என்று அப்பா கும்பிடாக் குறையாகச் சொன்னார். காலையிலிருந்து அக்கா மூன்று தடவை சேலை மாற்றியதைப் பார்த்தேன்.

மூன்றரைக்குக் கீழே போனேன். அரை மணித்தியாலம்தானே!

ஆறாயிரம் சுற்றில் அப்படியே பிடி என்றது ஆப். பிடித்தேன், கை உளைந்தது. ஆக்சிலேட்டரை நாடாவால் இழுத்துக் கட்டிவிட்டேன். (சிரிக்காதீர்கள். அப்போது அது அருமையான யோசனையாகத்தான் இருந்தது.) போனில் பச்சைக் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம்! நாலு மணி ஆனதும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டார் வந்து லிப்டில் மேலே போனதும் தெரியாது.

பிறகு ஒரு மணம். சென்சர் வயர் சூடான சைலன்சரில் சாய்ந்து உருகிக்கொண்டிருந்தது. குபுகுபுவென்று புகை. கட்டடத்தின் அபாய மணி அலறத் தொடங்கியது. காவலாளி "கின்தர! கின்தர!" என்று சிங்களத்தில் நெருப்பு நெருப்பென்று கத்திக்கொண்டு மணல் வாளியோடு ஓடிவந்தார். நான் நாடாவின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிவிட்டது. பல்லால் கடித்து இழுத்தேன்.

மணி அடித்தால் லிப்ட் நின்றுவிடும். ஏழு மாடிச் சனமும் படியால் இறங்கி வந்தது. ஹவுஸ்கோட்டோடு மாமிமார், தலையில் ஷாம்பு நுரையோடு ஒருவர், நடுவில் பட்டுச்சேலையில் அக்கா, அவளுக்குப் பின்னால் பாதி கடித்த ரோல்ஸ் கையிலிருக்க மாப்பிள்ளையின் அம்மா. பைக் உறுமிக்கொண்டே நின்றது. "தண்ணி ஊத்து!" என்றார் ஒருவர். "ஊத்தாத, வெடிக்கும்!" என்றார் இன்னொருவர்.

வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் நின்றது. அடக் கடவுளே, சாவி!

அவர் குந்தியிருந்து பெட்டியைப் பார்த்தார். "தானாப் படிக்கிறதோ இது?"

"ஓம்."

"ஸ்டாண்டில பாரமில்லாமச் சுத்தினா அது என்னத்தைப் படிக்கும்? றோட்டில ஓடோணுமெல்லே."

அத்தனையும் வீண்! மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் கரி, வாயில் நாடா.

"இந்தப் பெடியன் ஆர்?"

"கீழ் வீட்டுப் பெடியன்," என்றார் அப்பா, கண்ணே வெட்டாமல்.

சம்பந்தம் போச்சு, அக்காவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள்.

"இல்லை மாமி, இது என்ர தம்பி." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்கு ஓம், அப்பா. சாவியைத் திருப்பத் தெரிஞ்ச ஒரு ஆளாவது எங்கட வீட்டுக்கு வேணும்."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான்.

இப்போது என் பைக்கில் இருப்பது மூன்று பட்டன் பெட்டி. அத்தானே பூட்டித் தந்தார். வீட்டில் பால் பொங்கினாலும் சண்டை பொங்கினாலும் யாராவது ஒருவர் "சாவி! சாவி!" என்று கத்துவார். அத்தானின் அம்மா மட்டும், இத்தனை வருடத்துக்குப் பிறகும், அக்காவுக்குப் போன் எடுத்தால் கேட்கிற முதல் கேள்வி, "கீழ் வீட்டுப் பெடியன் சுகமோ?"