மாட்டினவர் சொன்னால் நம்பலாம்

ஆர்லோ பிக்கெட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ரேடாரைக் காட்டிக்கொடுக்கும் பெட்டி ஒன்று வாங்கியே தீருவது. போலீஸ்காரர் விளம்பரப் பலகைக்குப் பின்னால் வண்டியை மறைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் வேகத்தை அளக்கிறார் அல்லவா, அதை அரை மைலுக்கு முன்பே மோப்பம் பிடித்து 'கீக் கீக்' என்று கத்துமே, அந்தப் பெட்டி. கத்தினால் பெடலிலிருந்து காலை எடுக்கவேண்டும். முகத்தைப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். கடந்ததும் மறுபடி மிதிக்கவேண்டும். ஓஹாயோவில் அதற்குத் தடையும் கிடையாது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆர்லோ காது கேட்கும் கருவி விற்கிறவர். காலையில் ஆஷ்லாந்து, மத்தியானம் வூஸ்டர், சாயங்காலம் மான்ஸ்ஃபீல்ட் என்று மூன்று ஊர்க் காதுகளுக்கும் அவர்தான் பொறுப்பு. காது கேட்காதவர்கள் எங்கேயும் ஓடிவிடப்போவதில்லை. இருந்தாலும் ஆர்லோவின் கால் மிதித்தபடியேதான் இருக்கும். இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை மாட்டினார். தடவைக்கு இரண்டு புள்ளி வீதம் பத்துப் புள்ளி சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆனால் லைசென்ஸை ஆறு மாதத்துக்குப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் மனைவி நடீன் ஓட்ட, இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் போகவேண்டும்.

நடீன் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் போலீசில் மாட்டியதாக ஆர்லோவுக்குத் தெரிந்து ஒரு தடவைகூட இல்லை. கொலம்பஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தனித்தனி வண்டியில் கிளம்பினால் அவள்தான் முதலில் போய்ச்சேருவாள். எல்லாம் அதிர்ஷ்டம் என்பார் ஆர்லோ. அவள் ஓட்டும்போது கூட உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவள் வண்டியில் ஏறிப் பெல்ட் போட்டதும் அவருக்குக் கண் சொருகிவிடும்.

பத்தாவது புள்ளி வந்த அன்றே நடீன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது பற்றி எட்டு மணி நேர வகுப்பு. போய் உட்கார்ந்து எழுந்துவந்தால் இரண்டு புள்ளி கழியும்.

"ஏம்ப்பா, ஒரே ஒரு சனிக்கிழமை. போய்ட்டு வந்துடேன்."

"முப்பத்தாறு வருஷமா ஓட்டறேன். என்னைக் கொண்டுபோய் பெஞ்சுல உக்கார வைக்கணுமா?"

"பெஞ்சு இல்ல. நாற்காலிதானாம். விசாரிச்சுட்டேன்."

ஆர்லோ அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் சொருகினார். மேஜை நின்றுவிட்டது. நடீன் அதைப் பார்த்துவிட்டு அவருக்கு இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு மசியல் போட்டாள்.

சரி, பெட்டி வாங்கலாம். எந்தப் பெட்டி? இங்கேதான் ஆர்லோவின் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர் எழுந்து உட்கார்ந்தார். ஆழம் பார்க்காமல் காலை விடுகிற ஆள் இல்லை அவர். பெட்டியைப் பற்றிச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதலில் அவர்களை எடைபோடவேண்டும், அப்புறம்தான் பெட்டியை. நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு புல்லரித்தது.

முதலில் பக்கத்து வீட்டு டுவெய்னைக் கேட்டார். என் பெட்டி தெய்வம், பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட மாட்டவில்லை என்று டுவெய்ன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். ஆர்லோ அவருடைய வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அது ஐம்பது மைலைத் தாண்டினால் கதவு கழன்று விழும். அந்தச் சாட்சி தள்ளுபடி.

அடுத்து கணினி. 'தலைசிறந்த பத்துப் பெட்டிகள்' என்று ஒரு பட்டியல் கிடைத்தது. பத்துக்கும் பத்து நட்சத்திரம், பத்துக்கும் கீழே 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பொத்தான். ஒரு பத்திரிகையில் நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெட்டியைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள், நாற்பத்தோராம் பக்கம் முழுக்க அதே பெட்டியின் விளம்பரம். வீடியோவில் ஒரு இளைஞர் பெட்டியைப் பிரிக்கும்போதே கண்கலங்கினார். கம்பெனிக்காரர்கள் இலவசமாக அனுப்பியதாம். இலவசமாகக் கொடுத்தால் ஆர்லோவும்தான் அழுவார்.

வாங்கினவர்கள் எழுதிய கருத்துகள் இன்னும் மோசம். "இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் மிக நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் கொடுத்து, கலர் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் ஆர்லோ நான்கு சட்டங்களை எழுதி, மக்காச்சோள வடிவக் காந்தம் ஒன்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஒன்று, சொல்கிறவர் எதையும் விற்கக்கூடாது. இரண்டு, சொந்தக் காசில் வாங்கியிருக்கவேண்டும். மூன்று, நாம் கேட்காமலே குறையையும் சொல்லவேண்டும். நான்கு, ஒரு தடவையாவது போலீசில் மாட்டியிருக்கவேண்டும்.

நடீன் பால் எடுக்க வந்தவள் நின்று நிதானமாகப் படித்தாள்.

"நாலாவது எதுக்கு?"

"மாட்டாதவனுக்கு என்ன தெரியும்? பல்லுவலியைப் பத்திப் பல்லு போனவன்கிட்டதான் கேக்கணும்."

"அப்ப இந்த நாலும் இருக்கறவங்க யாரா இருந்தாலும் நம்புவியா?"

"கண்ணை மூடிட்டு நம்புவேன்."

"நல்ல சட்டம்," என்றாள் நடீன். அவள் தன்னை இப்படிப் பாராட்டி எத்தனையோ காலம் ஆயிற்று என்று ஆர்லோவுக்கு ஒரே பூரிப்பு. அன்று இரவு இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டார்.

வண்டி ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையப் பக்கத்தில் தன் நான்கு சட்டங்களையும் போட்டு, இதற்குப் பொருந்துகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார். இரண்டு நாள் ஏச்சும் பேச்சும்தான் வந்தது. மூன்றாம் நாள் 'சாம்பல் கோழி' என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார். தன்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது என்றார். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது சொந்தக் காசில் வாங்கியதாம். நன்றாக உழைக்கிறது, ஆனால் மளிகைக்கடைத் தானியங்கிக் கதவைக் கண்டாலும் கத்தித் தொலைக்கிறது என்றார்.

ஆர்லோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குறையைச் சொல்கிறார், அதுவும் கேட்காமலே. அடுத்த கேள்வியைத் தட்டினார். மாட்டியிருக்கிறீர்களா? ஒரே ஒரு தடவை, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று பதில் வந்தது. இதில் உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டா? ஒன்றும் கிடையாது, ஒரு சனிக்கிழமை வீட்டில் புல்வெட்ட ஆள் இல்லாமல் போகும், அவ்வளவு நஷ்டம்தான் என்று பதில் வந்தது. நஷ்டத்தையும் கணக்கில் காட்டுகிற மனிதர். ஆர்லோவுக்கு அவரைக் கட்டித் தழுவவேண்டும் போல் இருந்தது.

கடைசியாகச் சாம்பல் கோழி ஒரு விஷயம் எழுதினார். நான் ஒரு ஆள் சொல்வது போதாது, ஒரு கூட்டம் இருக்கிறது, அங்கே போங்கள். வருகிற இருபது பேரும் மாட்டினவர்கள். யாரும் எதையும் விற்கமாட்டார்கள். எல்லாரும் சொந்தக் காசை இழந்தவர்கள். இருபத்திரண்டு வருஷம் ரேடாரைக் கையில் பிடித்த ஒருவர் வந்து பேசுவார். சனிக்கிழமை காலை எட்டு மணி, தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடம். உங்கள் பெயரைக் கொடுத்துவைக்கிறேன்.

ஆர்லோ அதை அச்செடுத்து அடுக்களைக்கு ஓடினார். நடீன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார்.

"யாரோ ரொம்ப நல்ல மனுஷர் போல," என்றாள் நடீன்.

"மனுஷர்னா இவர்தான் மனுஷர். ஏழு வாரமா தேடினேன். ஒரு வார்த்தைல பொய் இருக்கா பாரு."

"ஒரு வார்த்தையும் பொய்யில்ல," என்றாள் அவள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை அவளே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். இன்னைக்கு நீ இருக்கற குஷிக்கு நீயே ஓட்டினா வழியிலேயே பன்னிரண்டு ஆயிடும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. புது நோட்டு, இரண்டு பேனா, அவள் கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலம் எல்லாவற்றோடும் ஆர்லோ ஏறினார். இருந்த பரபரப்பில் அன்றைக்குத் தூக்கம்கூட வரவில்லை. மளிகைக்கடை முன்னால் போகும்போது அவள் தலைக்கு மேல் வெயில் மறைப்பில் சொருகியிருந்த கறுப்புப் பெட்டி 'கீக்' என்றது. அது கேரேஜ் கதவைத் திறக்கிற பெட்டி. மூன்று வருஷமாகக் கதவைத் திறக்கிற வழியைக் காணோம், ஆர்லோதான் இறங்கிக் கையால் தூக்குகிறார், இது மட்டும் சும்மா சும்மா கத்துகிறது.

"பேட்டரி போயிருக்கு. இந்த வாரம் கண்டிப்பா மாத்திடறேன்."

"நீயும் மூணு வருஷமா சொல்லிட்டிருக்க," என்றாள் நடீன்.

கூடத்தில் சொன்னபடியே இருபது பேர் இருந்தார்கள். முடி நரைத்து, தோள் அகன்ற ஒருவர் முன்னால் நின்றார். பெயர் போவர்ஸ், நெடுஞ்சாலைப் போலீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவராக எழுந்து எங்கே மாட்டினோம், எத்தனை மைல் வேகம் என்று சொன்னார்கள். ஆர்லோ பரவசத்தோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் முறை வந்தபோது ஐந்து தடவையையும் ஊர் பெயரோடு சொல்லிவிட்டு, மனதில் இருந்ததையும் கேட்டார்.

"உங்க வண்டியில எல்லாம் பெட்டி இருந்துதா?"

பதினான்கு பேர் கையைத் தூக்கினார்கள். பத்திரிகை புகழ்ந்தது, பத்தில் முதலாவது, வீடியோக்காரர் அழுதது எல்லாம் அவர்கள் சொன்ன பெட்டிகளில் இருந்தன. ஆர்லோவின் பேனா நின்றுவிட்டது.

"அது கத்தறப்போ நான் உங்க வேகத்தை ஏற்கனவே எழுதிட்டிருப்பேன்," என்றார் போவர்ஸ். கத்தினதும் பிரேக் விளக்கு எரிகிற வண்டி எது என்று பார்ப்பேன், எனக்குத் தேடுகிற வேலை மிச்சம் என்றும் சொன்னார். இருபது பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் எல்லாருக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்.

அது ஆர்லோவுக்கு நன்றாகத் தெரிந்த காகிதம். ஏழு வாரமாக வீட்டில் மேஜையைத் தாங்கிக்கொண்டிருப்பது. எட்டு மணி நேரம், இரண்டு புள்ளி.

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். பத்து நிமிஷம் வெளியே போனாலும் வந்தது கணக்கில் வராது என்று போவர்ஸ் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். வண்டியும் நடீனிடம். போவர்ஸ் கையிலிருந்த பட்டியலில் பதினொன்றாவது பெயராகத் தன் பெயர் இருப்பதை எட்டிப் பார்த்தார், நடீனின் அழகான நூலகக் கையெழுத்தில். நாற்காலி கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வாசலில் காத்திருந்தாள். ஆர்லோ சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கோபப்படலாம் என்றுதான் இருந்தார். ஆனால் பத்துப் புள்ளி எட்டாகிவிட்டது, லைசென்ஸ் தப்பித்தது, திங்கட்கிழமை ஆஷ்லாந்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகலாம். கோபத்துக்கு இடமே கிடைக்கவில்லை.

"சாம்பல் கோழி," என்றார் கடைசியில்.

"ம்."

"ஒரு தடவை மாட்டினேன்னு எழுதினியே. சும்மாதானே?"

"வூஸ்டர் ரோட்ல. மூணு வருஷம் முன்னாடி."

தூங்காமல் வந்ததில் அப்போதுதான் ஆர்லோ முதல்தடவையாக வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் கறுப்புப் பெட்டி 'கீக் கீக் கீக்' என்று கத்தியது. பேட்டரி என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் நடீனின் கால் பெடலிலிருந்து பூப்போல எழுந்தது. பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. தானியக் கிடங்கைத் தாண்டினார்கள். அதன் நிழலில் போலீஸ் வண்டி நின்றிருந்தது. நடீனின் முகம் பச்சைக்குழந்தை மாதிரி இருந்தது.

ஆர்லோ மெதுவாகக் கையை நீட்டிப் பெட்டியை உருவித் திருப்பிப் பார்த்தார். ஏழு வாரம் ராப்பகலாகப் பெட்டிப் படமாகப் பார்த்தவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"இது கேரேஜ் பெட்டி இல்லையே."

"கேரேஜ் பெட்டி டிராயர்ல இருக்கு. நீ பேட்டரி மாத்தறேன்னு சொன்னியே, அன்னைலேருந்து."

"நான் ஊரெல்லாம் கேட்டேனே, நடீன். ஏழு வாரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"நான் எதையும் விக்கல. சொந்தக் காசு. மளிகைக்கடைக்குக் கத்துதுன்னு குறையையும் சொன்னேன். ஒரு தடவை மாட்டியும் இருக்கேன். உன் நாலு சட்டத்தையும் வச்சுக்கிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன். என்கிட்ட நீ கேக்கவே இல்லையேப்பா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதர் பெட்டியின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப இதை என் வண்டில மாட்டிக்கட்டுமா?"

நடீன் அதை அவர் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே சொருகினாள்.

"உனக்கெதுக்கு? உன்கிட்டதான் சர்ட்டிபிகேட் இருக்கே."