கட்டுரையில் வலிக்காத வயிறு

கானாவின் மருத்துவ வரலாறு எழுதப்படும்போது அதில் என் குடலுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. குமாசி சந்தையில் துணி விற்கும் எத்தனை பெண்களுக்கு இந்தப் பாக்கியம்?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் முதலில் "அல்சர்" என்றன. பிறகு "மனசு" என்றன. கடைசியில் நிஜமாகவே வலிக்கிறதா, அல்லது வலிக்கட்டும் என்று நான்தான் விரும்புகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் ஒஃபோசுஹேனே அதிர்ந்தார். "சிறுகுடல் முழுக்க வலது பக்கம் கிடக்கு! படத்தை மாத்திப் போட்டிருக்காங்க."

கூட இருந்த டாக்டர் டுஃபியே படத்தைப் புரட்டிக் காட்டினார். "இப்பக் கல்லீரல் இடது பக்கம் போயிடுச்சே, சார்."

"அப்பக் குடலை மட்டும் மாத்துங்க."

"அதுக்கு இவங்க பிறக்குறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்."

கருவில் திரும்பவேண்டிய குடல் திரும்பவே இல்லையாம். லட்சத்தில் ஒருத்தியாம். முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டுஃபியே.

"எப்ப ஆபரேஷன், டாக்டர்?"

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் ஒஃபோசுஹேனே. "மாநாட்டுக்குத் தலைப்பு கொடுத்தாச்சு. 'வலியின்றி வாழும் அபூர்வக் குடல்'."

"எனக்கு வலிக்குதே!"

"உங்க வலி மனசுலன்னு எல்லா ஆஸ்பத்திரியும் எழுதியிருக்கு. அப்ப வயித்துல இல்லைன்னுதானே அர்த்தம்? கட்டுரையில உங்களுக்கு வலிக்கலைம்மா."

மாநாட்டில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஜெபம் முடிந்தது. தலைவரை முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். தலைமைப் பதவியை ஏற்றுக்கொள்வதாகத் தலைவர் விரிவாக உரையாற்றத் தொடங்கினார். அப்போதுதான் குடல் முறுக்கியது.

"டாக்டர், தாங்க முடியலை..."

"ஏற்புரை நடக்குதும்மா," என்றார் ஒஃபோசுஹேனே. "நடுவுல எழுந்தா தலைவருக்கு மரியாதையா?"

பிறகு அவரே மேடையேறி, "இவருக்கு வலி என்பதே தெரியாது" என்று என்னைக் காட்டினார். அவ்வளவு அழகாகச் சொன்னார், ஒரு கணம் நானும் நம்பினேன். சபை கைதட்டியது. நான் எழுந்து, பச்சையாக, மேடைவிரிப்பின்மேல் வாந்தியெடுத்தேன். டுஃபியேதான் என்னைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஒரு முழம் குடல் கறுத்துப்போயிருந்ததாம். வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒஃபோசுஹேனே பூரிப்போடு வந்தார். "ரெண்டாவது கட்டுரையும் கிடைச்சிருச்சும்மா!"

"அதுல எனக்கு வலிக்குமா, டாக்டர்?"

"தாராளமா!"

ஒரு முழம் குடலைக் கொடுத்தபிறகு என் வலி உண்மையாகிவிட்டது. அதுவும் அவர் பெயரில்தான் வெளிவருகிறது.