காதோரம் இரண்டு விரல் அகலம்

உத்தமபாளையம்

மதிப்பிற்குரிய நசீமா மதினிக்கு ரம்லத்தின் சலாம். அண்ணனும் நீங்களும் கம்பத்தில் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பீர்கள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடுவீர்கள் என்பதால் கடிதம்.

என் இடது காதோரத்து வெண்புள்ளியை, மூன்று கல்யாணம், ஐந்து பெருநாள், ஒரு மௌத்து வீடு என்று எங்கே கண்டாலும் முக்காட்டை விலக்கி நீங்கள் அளந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. புள்ளியியல் நடத்துகிறவளுக்குப் புள்ளி வந்தது பொருத்தம்தான் என்று சொன்னதையும் மறக்கவில்லை. பிறர் உடம்பை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மதுரையில் டாக்டர் ஜெபஷீலாவிடம் போனபோது, “தோலை எடுத்து நடுற ஆபரேஷன் எல்லாருக்கும் பிடிக்காதும்மா. புள்ளி ஒரு வருஷமாச்சும் வளராம நிக்கணும், புதுசா வந்திருக்கக் கூடாது. ஆதாரம் இருக்கா? பழைய போட்டோ?” என்றார். என்னிடம் இருந்த எல்லாப் போட்டோவிலும் முக்காடு இடது கன்னத்தை மூடியிருந்தது. ஆதாரம் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான், “போட்டோ எதுக்கு டாக்டர், நசீமா அக்கா இருக்காகல்ல!” என்று உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

நீங்கள் மூச்சு விடாமல் சொன்னீர்கள்: “ரெண்டு வருசத்துக்கு முன்ன சுமையா கல்யாணத்துல காதோரம் ரெண்டு விரல் அகலம். போன பெருநாளைக்கும் அம்புட்டுத்தான். நகக்கண்ணளவு ஏறலை. கை, காலு சுத்தம், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யிறப்ப பாத்துட்டேன். ஏத்தா ரம்லத், இன்னுமா போகலை?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இப்படி ஒரு ரெக்கார்டு எங்க ஆஸ்பத்திரியிலயே இல்ல.”

ஆபரேஷன் பலிக்கும் என்று அப்போதும் நான் நம்பவில்லை. தொடைத் தோலில் கடுகளவு நாலு துண்டு எடுத்துப் புள்ளிக்குள் நட்டுப் பார்த்தார். பிடிக்காது என்று டைரியில் எழுதி வைத்தேன். மூன்றே மாதத்தில் நாலைச் சுற்றியும் நிறம் பரவியது. பிறகு முழு சிகிச்சை. இப்போது காதோரம் முழுக்க என் நிறம். கணக்குப் படித்தவள் தோற்றேன், நீங்கள் ஜெயித்தீர்கள். நேற்று கல்லூரிக் குழுப்படத்தில் இடது கன்னத்தைக் காட்டி நின்றேன். போட்டோக்காரர் நேராகப் பார்க்கச் சொல்லியும் திரும்பவில்லை.

கண்ணாடி தேவைப்படாத பார்வையை அல்லாஹ் உங்களுக்குக் கடைசிவரை தரட்டும்.

இப்படிக்கு,
ரம்லத்

பி.கு.: பிறர் உடம்பைப் பார்ப்பதில்லை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். நாலு வருஷமாக உங்கள் வலது மணிக்கட்டில் மட்டும் மருதாணி அழிவதே இல்லை. ஒளு செய்யும்போது நானும் பார்த்துவிட்டேன். மருதாணிக்கு அடியில் ஒரு விரல் அகலம், இன்றுவரை ஏறவில்லை. வியாழக்கிழமை டாக்டர் இருப்பார். சாட்சி சொல்ல நான் வருகிறேன்.