டார்க் அண்ணன் மாட்டிக் கழட்டிய சைலன்சர்

அன்று காலை காரில் டார்க் அண்ணன் இருந்தார், நான் இருந்தேன், ரூம்மேட் மாயாண்டி இருந்தான். தூக்கம் மட்டும் வரவில்லை.

டார்க் அண்ணன் மூடிய தண்ணீர் பாட்டிலை ஒரகடத்தில் இன்னொரு மனிதன் திறந்ததில்லை. எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குவது அவர் வேலை. முடுக்கும் விசைக்கு அங்கே டார்க் என்று பெயர், அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. ரூமில் ஊறுகாய் பாட்டில், குழாய் எதுவும் தப்பாது. "இன்னாத்துக்குடா ஆடிக்கினு கீது?" என்று என் கட்டிலைக்கூட முடுக்கினார்.

செகண்ட்ஸில் வாங்கிய குட்டி டர்போ கார் ஒன்று வைத்திருந்தார். அதை வேகமாக்கி ரேஸ் டிராக்கில் ஒரே ஒரு ரவுண்டு விடவேண்டும், அவ்வளவுதான் ஆசை. நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிகிற நேரத்தில்தான் கேட்பார்: "நீ டிப்ளமோல்ல, சொல்லு. மொதல்ல எத மாத்தணும்? ஃபில்டரா, சைலன்சரா, என்ஜின் டியூனா?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று நம்புகிறவன். போனில் தேடிப் படித்துச் சொன்னேன்: "முதல்ல சைலன்சர்ண்ணே. புகை தாராளமா வெளிய போகணும். அத மாத்தாம டியூன் போட்டா, வாயப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி."

போனஸ் வந்ததும் வாங்கிவிட்டார். பென்னலூரில் எங்கள் ரூமுக்குப் பக்கத்து மெக்கானிக் மாட்டிக்கொடுத்தார்.

வழக்கமாக, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி கேட்டில் அண்ணன் காரில் ஏறினால் வல்லக்கோட்டை வருவதற்குள் நானும் மாயாண்டியும் வாயைப் பிளந்து தூங்கிவிடுவோம். புது சைலன்சர் போட்ட அன்று பின்சீட்டே அதிர்ந்தது.

"யண்ணே, புலியயா கட்டி இழுக்கிய?" என்றான் திருநெல்வேலிக்கார மாயாண்டி. முன்னால் கண்டெய்னர் லாரி. சத்தம் மட்டும் ரேஸ், வேகம் மாட்டுவண்டி.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "தூங்கலியாடா?"

"பரவால்லண்ணே, பழகிடும்" என்றேன்.

மறுபடி பார்த்தார். நேராக மெக்கானிக் கடைக்கு விட்டார்.

"கழட்டுப்பா. பழச மாட்டு."

"நல்லாத்தானே கீது? அப்ப டியூனு? டிராக்கு?" என்றார் மெக்கானிக்.

"பசங்க தூங்கலப்பா."

பழைய சைலன்சரின் கடைசி போல்ட்டை, ஸ்பேனரைப் பிடுங்கி அவரே முடுக்கினார். இனி அது இந்த ஜென்மத்தில் கழலாது.

புதியதை, விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. என் கட்டிலுக்கடியில் கிடந்தது. சைலன்சர் பதினெட்டாயிரம், மாட்டக் கூலி ஐந்நூறு, கழட்டக் கூலி ஐந்நூறு. மறுநாளிலிருந்து வல்லக்கோட்டை வருவதற்குள் நாங்கள் பழையபடி குறட்டை விட்டோம். அதற்கு அண்ணனுக்கு ஆன செலவு, பத்தொன்பதாயிரம் ரூபாய்.