மூக்கண்ணையும் ஏழு வாய்க்கால்களும்

லண்டனில் இருக்கிற தமிழ் மூக்கு அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் போட்டு, மறு தட்டில் மூக்கண்ணையின் மூக்கை மட்டும் வைத்தால், மூக்கண்ணையின் தட்டுத்தான் தாழும். நான் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவன். தராசைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.

டூட்டிங்கில் எங்கள் கடை. அவர் உள்ளே வர மாட்டார். வாசலில் நின்று மூக்கைத் தூக்குவார். கடை நிறையச் சனம் நிற்கும்.

"இண்டைக்கு வந்தது நல்ல கிடாய். மூலையில கிடக்கிற நேத்தையான் ஆட்டை ஆருக்கு விக்கப் போறியள்?"

சனம் திரும்பி மூலையைப் பார்க்கும். முதலாளி ஓடி வந்து, நல்ல முன்னங்கால் ஒன்றை எடுத்து, "அண்ணைக்குச் சுத்திக் குடு" என்பார். இப்படி எத்தனையோ முன்னங்கால் போனது. ஒரு தடவைகூட அவர் பிழையாகச் சொன்னதில்லை. அதுதான் முதலாளிக்குக் கோபம்.

அவருடைய சொந்தப் பெயர் கவுன்சில் கடிதத்திலும் கோயில் அர்ச்சனையிலும் மட்டும் வரும். மற்றபடி எல்லாருக்கும் மூக்கண்ணைதான். கவுன்சிலில் மரம் நடுகிற, மரம் வெட்டுகிற வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர்தான் அவரை முதன்முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனவர். போன அண்ணைக்கு அது அப்படியே பிடித்துப்போனது. துவக்குக்கு விண்ணப்பம் போட்டார்.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆட்கள் நாங்கள். இவர் போலீஸிடம் போய்த் துவக்குக் கேட்டார். டூட்டிங் முழுக்க இதே கதை.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். துவக்குப் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்த்தார். அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, வடையும் தேத்தண்ணியும் வைத்தா. போலீஸ்காரர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் கணவர் கோபக்காரரா என்று கேட்டாராம்.

"கறியில உப்புக் குறைஞ்சாக் கோபம் வரும்" என்றாவாம் அக்கா. "அப்பவும் எனக்குப் பயமில்லை. அவருக்குத்தான் பயம்."

துவக்குக் கிடைத்தது.

பிறகு கொரோனா வந்தது. எனக்கும் வந்தது, அவருக்கும் வந்தது. ஊர் திறந்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தார். அன்றைக்கு இறைச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதலாளிக்கு நம்ப முடியவில்லை. அண்ணை என்னை வெளியே கூப்பிட்டார்.

"உனக்கு வெட்டத் தெரியும். வாயும் இல்லை. வேட்டைக்கு இந்த ரெண்டும்தான் வேணும். ஞாயிற்றுக்கிழமை வாறியோ?"

எனக்கு ஞாயிறு லீவு. லீவு நாளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். "ஓம்" என்றேன்.

மூன்றாவது ஆள் சேவியர். மன்னார்க்காரன், பஸ் ஓடுகிறவன், வாய் ஓயாதவன். ஞாயிறு பூசையைச் சனி பின்னேரமே முடித்துவிட்டு வருவான். வான் அவனுடையது. துவக்கு அண்ணையுடையது. கத்தி என்னுடையது. புத்திமதி முழுக்க அண்ணையுடையது.

கென்ட்டில் ஒரு பண்ணை. பண்ணைக்காரக் கிழவர் நட்ட மரக்கன்றுகளை மான் தின்றுகொண்டிருந்தது. சுடுங்கள் என்று அண்ணைக்கு அனுமதி கொடுத்திருந்தார். விடியப் புறப்பட்டுப் போவோம்.

முதலாவது சட்டம் மணம். "மான் காதால பாக்கும், மூக்கால வாசிக்கும். உன்ர மனுசியின்ர சமையலை ஒரு மைல் தள்ளி நிண்டு வாசிக்கும்" என்பார். அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்து எங்களுக்குக் கறி இல்லை. வெள்ளைச் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, உப்பு. மோர்மிளகாய்கூடக் கூடாது. மணச் சவர்க்காரம் கூடாது. ஊதுபத்தி கொளுத்துகிற அறையில் நிற்கக் கூடாது. வேட்டைக்குப் போடுகிற கோட்டை பல்கனியில் காய்ந்த இலையோடு பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். என் பக்கத்து பிளாட் ஆள் அதைப் பார்த்துவிட்டுக் கவுன்சிலுக்கே எழுதிப் போட்டார்.

"தவக்காலத்தில பாதர்கூட இவ்வளவு கேக்கிறதில்லை அண்ணை" என்றான் சேவியர்.

"பாதர் மான் பிடிக்கிறாரோ?"

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க அவர் வைத்திருந்தது திருநீறு. சின்ன டப்பியில் எடுத்து, விரலால் உரசி, காற்றில் விடுவார். அது போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடப்போம்.

"மானுக்கும் அர்ச்சனையோ அண்ணை?" என்பான் சேவியர்.

"கதையாதை. பவுடர் மணக்கும். மா ஈரத்தில கட்டிப்படும். இதுக்கு மணமுமில்லை, பாரமுமில்லை."

"கோயில்ல தெரிஞ்சா?"

"அம்மனுக்குக் காத்துத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

வானில் ஏறுவதற்கு முன் சோதனை. வரிசையில் நிற்க வேண்டும். அண்ணை மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார். ஒரு நாள் சேவியருக்கு முன்னால் நின்றார்.

"வலது பொக்கெற்றில ரோல்ஸ்."

சேவியரின் முகம் செத்துப்போனது. மூன்று ரோல்ஸ், பிளாஸ்ரிக்கில் இறுக்கிச் சுற்றி, மேலே சொக்ஸும் போட்டிருந்தான். அப்படியும் பிடித்துவிட்டார். சாட்சியத்தை அழிக்க வேண்டும் என்று சொல்லி, மூன்றையும் அண்ணையே நின்ற நிலையில் சாப்பிட்டார்.

"நல்ல மீன் ரோல்ஸ்" என்றார்.

"அது ஆடு அண்ணை."

"தெரியும். நீ உண்மை சொல்லுறியோ எண்டு பாத்தனான்."

எங்களுக்கு மரியாதை இன்னும் கூடியது.

என்னையும் பிடிப்பார். "நேத்து ரசம் குடிச்சனீ." "ஓம் அண்ணை." "பின் சீட்டில இரு. கண்ணாடியைத் திற." மார்கழிக் குளிரில் கென்ட் வரைக்கும் கண்ணாடி திறந்திருக்கும். இதுதான் தண்டனை.

இரண்டாவது சட்டம் வாய். காட்டுக்குள் கதைக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. போன் வானிலேயே கிடக்க வேண்டும். மூன்றாவது சட்டம் விழுந்தால். "விழுந்தா எழும்பி நடவாதை. நடந்தா இன்னும் துலைவாய். விழுந்த இடத்திலயே இரு. நான் வருவன்."

சுடுவதற்கும் சட்டம் இருந்தது. தெளிவாகத் தெரியாததைச் சுடக்கூடாது. மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக்கூடாது. கை நடுங்கினால் சுடக்கூடாது. இவ்வளவும் பொருந்தி வருவதற்குள் மான் வீட்டுக்குப் போய்விடும். மூன்று பருவத்தில் நாலு மான். தன் பஸ்ஸில் இதைவிடக் கூடுதலாக மான் ஏறும் என்று சேவியர் சொல்லுவான்.

முதல் மானைச் சுட்ட நாள் மறக்காது. வெடிச் சத்தம் கேட்டது. நானும் சேவியரும் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டோம். தலைக்கு மேல் கை. பழக்கம். அண்ணை திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எழும்புங்கோடா. இது எங்கட துவக்கு."

எழும்பினோம். நான் மானைத் துப்புரவாக்கினேன். அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "நீ வெட்டினா அதுக்கும் நோகாது போல" என்றார். இத்தனை வருட வேலையில் என்னை ஒருவர் பாராட்டியது அன்றைக்குத்தான்.

இனி அந்தக் கார்த்திகை மாத ஞாயிறு.

முதல் நாள் என் மனைவி மிளகாய்த்தூள் வறுத்தா. வீட்டில் புகை. நெருப்பு அலாரம் அடித்தது. மழை என்று கோட்டை பல்கனியிலிருந்து எடுத்து உள்ளே தொங்கவிட்டிருந்தா. விடிய அண்ணை என் முன்னால் வந்து நின்றார்.

"மிளகாய்த்தூள். கோட்டு முழுக்க."

பின் சீட். கண்ணாடி.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. இப்படி இறங்கினால் வேட்டை இல்லை, எல்லாரும் வானுக்குத் திரும்ப வேண்டும் என்பதும் சட்டம். நான் திரும்பினேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பினேன். நெடுநேரம் நடந்தேன். கால் வைத்த இடத்தில் நிலம் இல்லை.

ஆழமான வாய்க்கால். அடியில் சேறும் தண்ணீரும். கணுக்கால் முறிந்த சத்தம் எனக்குத் தெரியும். தினம் கேட்கிற சத்தம்.

போன் வானில். விழுந்தால் எழும்பக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. நான் சட்டப்படி கிடந்தேன். தண்ணீர் சப்பாத்துக்குள் வந்தது. முதலில் கால் குளிர்ந்தது. பிறகு இடுப்பு. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நின்றால் கூடாது என்று அண்ணை சொல்லியிருந்தார். அதனால் ஒரு தடவை "அண்ணை" என்று கூப்பிட்டேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பழக்கமில்லை.

மத்தியானம் ஆகியிருக்கும். மேலே புல் விலகியது. ஒரு மூக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் முகம் வந்தது.

"மிளகாய்த்தூள்" என்றார் அண்ணை.

பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கினார். தன் கோட்டைக் கழற்றி என்னைச் சுற்றினார். அவருக்கு நெஞ்சு வரை சேறு. கை இரண்டும் முள் கிழித்து இரத்தம். எனக்கு அதெல்லாம் யோசிக்கிற நிலை இல்லை.

"ஏன்ரா கூப்பிடேல்லை?"

"மான் ஓடிப்போகும்."

அண்ணை என்னைப் பார்த்தார். என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பண்ணைக்காரர் போன் அடிக்க, அம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டூட்டிங் முழுக்கக் கதை பரவியது. மூடுபனிக்குள் மிளகாய்த்தூள் மணம் பிடித்து ஆளைக் கண்டுபிடித்த மூக்கு. என் மனைவிக்கும் பெருமை. தூள் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

கால் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். முன்னங்கால் ஒன்று கொண்டு போனேன். முதலாளி கொடுத்தது. அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கதவடியிலேயே எனக்கு மணந்தது. பால் பழுதாகிவிட்டது. கோப்பையில் திரைந்து மிதந்தது. அவர் ஆறுதலாக உறிஞ்சிக் குடித்தார்.

அக்கா ஓடி வந்து கோப்பையைப் பறித்தா. என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டா.

"தம்பி, நீங்கள் கண்டிட்டியள். இனி மறைச்சென்ன. கொரோனாவோட இவற்ற மூக்குப் போட்டுது. மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. உப்புக்குச் சண்டை பிடிக்கிற மனிசன், இப்ப எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கு எண்டுறார். அதைத்தான் தம்பி என்னால தாங்க ஏலாமல் கிடக்கு."

நான் வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். "அண்ணை உமக்குப் போன் எடுக்கிறவரோ?"

"ஒவ்வொரு சனியும் எடுப்பார். என்ன சமைச்சனீங்கள் தங்கச்சி, கோட்டு எங்கை தொங்குது எண்டு கேப்பார். சேவியற்ற மனுசிக்கும் எடுக்கிறவர். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

பிறகு சேவியர் வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டு சொன்னான்.

"பண்ணைக்காரர் கேக்கிறார், உங்கட ஆள் ஏன் என்ர ஏழு வாய்க்காலுக்கையும் இறங்கி ஏறினவர் எண்டு. ஒவ்வொண்டிலையும் அந்தத்துக்கு அந்தம் சப்பாத்து அடையாளமாம். மணம் பிடிக்கிற ஆளுக்கு என்னத்துக்கடாப்பா அவ்வளவு நடை?"

அந்தப் பண்ணையில் வாய்க்கால் ஏழு. நான் கிடந்தது ஏழாவதில்.

நான் சேவியருக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் இல்லையே. இதை இப்போது எழுதலாம் என்று அக்கா சொன்னா. அண்ணை பத்திரிகை வாசிக்கிறதில்லை. சேவியர் வாசிப்பான். சேவியர், வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

கால் சுகமாகி, மறுபடி வேட்டைக்குப் புறப்பட்ட முதல் ஞாயிறு. விடியற்காலை. வானுக்கு முன்னால் வரிசை. முதல் நாள் என் மனைவி ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தா. போனை நிற்பாட்டி வைத்திருந்தா. அண்ணை போன் அடித்திருப்பார், தொடர்பு கிடைத்திருக்காது.

என் முன்னால் வந்து நின்றார். மூக்கைத் தூக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி மூக்கைத் தூக்கினார். சேவியர் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணையின் கண்ணில் ஒரு தடுமாற்றம். அதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் இரண்டு நாளாக வெள்ளைச் சோறுதான் சாப்பிட்டிருந்தேன். கோட்டு பல்கனியில் இலையோடு கிடந்தது.

"மன்னிக்க வேணும் அண்ணை" என்றேன். "நேத்து மீன் குழம்பு. வெந்தயம் கூடிப்போச்சு. நல்லா மணக்குதோ?"

அண்ணை மூச்சை விட்டார்.

"வானுக்குக் கிட்ட வர முன்னமே மணந்திட்டுது. பின் சீட்டில இரு. கண்ணாடியைத் திற."

பின் சீட்டில் இருந்தேன். கண்ணாடியை முழுக்கத் திறந்தேன். நல்ல குளிர். கென்ட் போய்ச் சேரும் வரைக்கும் நான் அதை மூடவில்லை.